தண்ணி ஊத்தாத கார்

பரிபூரணத்துக்குத் தன் வீட்டுக்காரர்மேல் கோபம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. கோபப்படுவதற்கு எதிரே இருப்பது ஓர் ஆளாகவாவது இருக்க வேண்டும். அவளுக்கு இருந்தது சுத்தமான இளக்காரம். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்ந்தால், தகர ஷெட்டுக்குள் ஒரு மனிதர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, காருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் நம்பர் பலகையை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருப்பார். அவர்தான் ராஜரத்தினம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிப்பட்டறைக்கு முதலாளி. தினமும் இந்த முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். முகம்கூடத் தெரியாது, முதுகுதான் தெரியும்.

எம்புட்டுச் சுத்தமான மனுசன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சுத்தமாம், சுத்தம். சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறவர். படுத்த பாயை ஒருநாள் சுருட்டி வைத்தது கிடையாது. ஒரே மகள் சண்முகக்கனிக்கு அம்மை போட்டிருந்தபோது அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். காரில் காக்கை எச்சம் காய்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பிள்ளை முனகுவது காதில் விழாத மனுசனுக்குக் காக்கை உட்காருகிற சத்தம் மட்டும் கேட்கும்.

பரிபூரணம் பிறந்தது மம்சாபுரத்தில். அவளுக்குப் பால் பல் விழுமுன்பே தகப்பனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் தவசிமுத்துதான் ஊரார் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டி அவளை வளர்த்தார். தங்கச்சியை ஓரிடத்தில் பிடித்துக் கொடுத்த பிறகுதான் எனக்குப் பொண்ணு பாக்கணும் என்று ஒற்றைக் காலில் நின்றவர். பிடித்துக் கொடுத்த இடம் இந்த இடம். அப்போது ராஜரத்தினம் வாடகைத் தறி ஓட்டுகிற ஆள், நாலு பேரோடு சிரித்துப் பேசுகிற ஆளும்கூட. பட்டறை சொந்தமானது, ஆஸ்பத்திரிகளுக்குத் துணி போக ஆரம்பித்தது, சிரிப்பு நின்றுபோனது. எண்பத்து நாலாம் வருஷம், மழையே இல்லாத கோடையில், ஒரு பெரிய வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய கறுப்பு அம்பாசடரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வண்டியை ஒப்படைக்க வந்த அந்த வீட்டு டிரைவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "அண்ணாச்சி, தண்ணி ஊத்திக் கழுவாதிய. கதவு ரப்பருக்குள்ள எறங்குச்சுன்னா உள்தகடு அரிச்சுப்போகும். தொடச்சே வச்சுக்கிடுங்க." கழுவச் சோம்பல்பட்டு அவன் தன் முதலாளியிடம் காலமெல்லாம் சொல்லித் தப்பித்த பொய் அது என்று பரிபூரணத்துக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவன் வாசல் தாண்டும்போது சிரித்த சிரிப்பை அவள் பார்த்தாள். ராஜரத்தினமோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் காரின்மேல் யாரும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியது கிடையாது. மழை இருட்டினால் ஊரே வானத்தைப் பார்த்துக் கையெடுக்கும்; இவர் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

துடைப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கோழி இறகு கட்டிய குச்சியால் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தூசியைத் தட்டுவார். அழுத்தக் கூடாதாம், அழுத்தினால் மணல் பெயிண்டைக் கீறிவிடுமாம். பிறகு பேண்டேஜ் துணியை எட்டாக மடித்து, நனைத்துப் பிழிந்து, நேராக ஓர் இழுப்பு. மடிப்பைத் திருப்பிப்போட்டு அடுத்த இழுப்பு. அதன்மேல் காய்ந்த துணி. காக்கை எச்சத்தின்மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, அது ஊறுகிறவரை பக்கத்திலேயே கைகட்டி நிற்பார், பிணம் கிடக்கிற துஷ்டி வீட்டில் நிற்பதுபோல. தார் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய். பம்பருக்கு விபூதி. கண்ணாடிக்குப் பழைய பேப்பர். அத்தனைக்கும் ஒரு செம்புத் தண்ணீர் போதும். அந்தச் செம்பு பரிபூரணம் சாமிக்கு வைத்திருந்த செம்பு. கேட்டால், விளக்கித்தானே தாரேன் என்பார்.

இதில் கெட்டிக்காரத்தனம் இல்லையென்று அவள் சொல்லமாட்டாள். இருந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசி மனுசர்கள்மேல் இருந்திருந்தால் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள். பட்டறையில் ஒருநாள் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை தெறித்து முத்துப்பேச்சி என்கிற பெண்ணுக்கு விரல் கிழிந்து இரத்தம் கொட்டியது. நெய்வது கட்டுப்போடுகிற துணி. சுற்றிலும் மலைமலையாகக் கிடப்பதும் அதுதான். ராஜரத்தினம் தோளில் கிடந்த, மட்கார்டு துடைத்த துணியை எடுத்து நீட்டினார். ஒரு மடிப்பு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று வேறு காட்டினார். பரிபூரணம் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுச் சுருளைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். புதுச் சுருளைக் கிழித்ததற்கு அவர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

காரில் போனார்களா என்று கேட்டால் அது இன்னொரு கூத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டிப்போங்கள் என்று வருஷா வருஷம் கேட்பாள். கூட்டத்தில் ஆளாளுக்குக் கை வைப்பார்கள் என்பார். அவள் பஸ்சில் தொங்கிக்கொண்டு போய்விட்டு வருவாள். எப்போதாவது ஏற்றினாலும் செருப்பைக் கழற்றி உதறி, பாதத்தைத் துடைத்து, கதவில் விரல் படாமல் ஏற வேண்டும். வண்டி வெளியே போனால் தூசியாகும், தூசியானால் துடைக்க வேண்டும், ஆகையால் போகாமலே துடைத்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் இப்படியே போயிற்று.

தொண்ணூற்றொன்று ஆவணியில் சண்முகக்கனிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளையின் தகப்பனார் சங்கையா அங்கே சிமெண்டுக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்கள். கல்யாணம் ராஜபாளையத்தில், பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டு.

அவர்கள் வகையறாவில் ஒரு முறை உண்டு. கல்யாணத்தன்று பெண்ணின் தகப்பன், தாய்மாமன் வீட்டுக்கு நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, தன் வீட்டு வண்டியில் ஏற்றி, அந்தத் தெரு பார்க்க அவரைக் கூட்டிவர வேண்டும். பந்தல் வாசலில் இறக்கி ஆரத்தி எடுக்க வேண்டும். வில்வண்டி காலத்தில் வில்வண்டி. அது இல்லாதவன் இரவல் மாடு பூட்டியாவது போய்விடுவான். மாமன் தானாக வந்து இறங்கினால் கூப்பிடாத வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் என்று அவன் ஊரே பேசும். பரிபூரணத்தின் கல்யாணத்துக்கு, தகப்பன் இடத்தில் நின்று தவசிமுத்துதான் மாட்டு வண்டி பூட்டிப்போய் அவள் மாமனைக் கூட்டிவந்து இறக்கினார்.

தவசிமுத்து இந்த வயதுவரை யாரிடமும் ஒன்றும் கேட்டவரில்லை. கல்யாணத் தேதி சொல்லப் பரிபூரணம் மம்சாபுரம் போனபோது, அவள் புறப்படுகிற நேரத்தில், வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குக் காரு பெருசில்ல பூரணம். பஸ்ல வந்துருவேன். ஆனா ஊருல சொல்லிப்புட்டேன்." டீக்கடையில் சொல்லியிருக்கிறார், களத்துமேட்டில் சொல்லியிருக்கிறார், மச்சான் கார் கொண்டுவந்து கூட்டிட்டுப் போவார் என்று. சொல்லிவிட்டுப் பிறகுதான் பயந்திருக்கிறார். பரிபூரணம் கார் வரும் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கல்யாணத்தில் அவளுக்கென்று வேண்டியது அது ஒன்றுதான். நகை எப்படியும் போகட்டும், பந்தி எப்படியும் போகட்டும், அண்ணன் அந்தக் காரில் வந்து இறங்க வேண்டும்.

ராஜரத்தினத்திடம் சொன்னாள். ம் என்றார். மறுபடி சொன்னாள். மறுபடியும் ம். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று இருபது வருஷம் கூட வாழ்ந்தும் அவளுக்குப் பிடிபட்டதில்லை.

அவர் மனசு வேறெங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குச் சங்கையா வீட்டார் ஒரு வெள்ளை மாருதியில் வந்திருந்தார்கள். புது வண்டி. ஏதோ பாலீஷ் போட்டு, கண் கூசுகிற பளபளப்பு. ராஜரத்தினம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், விரலால் தொட்டு மோந்து பார்த்தார். தாம்பூலம் மாற்றக் கூப்பிட்டால் காதில் விழவில்லை. தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். தூசி இல்லாத வண்டிதான், ஆனால் பளபளப்பு என்பது மருந்துக்கும் கிடையாது; அடுப்பில் வைத்த சட்டியின் அடிபோல மங்கிக் கிடந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொண்ணை நினைத்து உருகுகிறார் என்று வந்த சொந்தங்கள் உச்சுக் கொட்டின. பரிபூரணம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பாலீஷ் மதுரையில் கிடைக்கும் என்று சங்கையா கடையின் பெயரோடு சொல்லியிருந்தார். இன்னொருவன் சொல்லிச் செய்தால் ராஜரத்தினத்தின் மரியாதை என்ன ஆவது. அதெல்லாம் மெழுகு, வெயிலில் ஓடிவிடும் என்று தள்ளிவிட்டார். அவர் மூளையில் வேறொன்று உதித்தது. பட்டறையில் தறிக்கு ஊற்றுகிற எண்ணெய். ஊற்றிய இடத்தில் இரும்பு எப்படி மின்னுகிறது என்று அவர் பார்த்திருக்கிறாரே.

அதே பட்டறையில் அந்த எண்ணெய் ஒரு சொட்டுக் கீழே சிந்தினால் குதிகுதியென்று குதிக்கிறவரும் இவர்தான். "ஏட்டி, எண்ணெயச் சிந்தாத, பஞ்சு வந்து அப்பிக்கிடும்" என்று தறிப் பெண்களை வையாத நாள் கிடையாது. பறக்கிற பஞ்சும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே கொஞ்சம் பேர்தான். தெரிந்து என்ன செய்ய. பட்டறைக்குள் இருந்த புத்தி பட்டறைக்குள்ளேயே இருந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, வீடு நிறைய ஆள், சமையல்காரர் விறகு கேட்கிறார், பந்தல்காரர் கயிறு கேட்கிறார், பெண்ணைப் பெற்றவர் ஷெட்டுக்குள் இருந்தார். பேண்டேஜ் துணியை எண்ணெயில் தோய்த்து, கூரை, பேனட், கதவு, டிக்கி என்று ஓர் இடம் விடாமல் பூசித் தேய்த்து வெளியே ஓட்டிவந்து நிறுத்தினார். மின்னத்தான் செய்தது. தெருவே வந்து முகம் பார்த்தது. அவரும் அதில் பார்த்துத் தலைசீவிக்கொண்டார். எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆளைப்போல இருக்கிறது என்று பரிபூரணத்துக்குத் தோன்றியது. கல்யாண வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டு, காலையில் மம்சாபுரத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று மட்டும் கேட்டாள்.

"மம்சாபுரத்துக்கா? அந்தப் புழுதிக்குள்ளயா? எண்ணெ மேல புழுதி பட்டா அப்பிக்கிடும்ட்டி. தொடைக்கவும் முடியாது. ஒங்கண்ணன பஸ்ல வரச் சொல்லி ஆள் விட்டுட்டேன்."

விட்டுட்டேன் என்றார். விடப் போகிறேன் என்றுகூட இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பால்காரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், எருமைக்குப் புண்ணாக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுபோல. பரிபூரணத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றிலும் சொந்தபந்தம் நின்றது. முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் புகையின் பக்கத்தில் நின்றாள்.

சாயந்திரம் மாப்பிள்ளையை அழைத்துவர ராஜரத்தினம் தானே காரை ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். மெயின் ரோடு, தார் ரோடு, புழுதி இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தார். ஆவணிக் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. முன்னால் ஒரு லாரி பஞ்சு ஏற்றிக்கொண்டு போயிற்று. மூட்டைகள் வாய் பிதுங்கி, காற்றுக்குப் பஞ்சு பிய்ந்து பிய்ந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு ஹாரனை அடித்து முந்திப் போயிருப்பார்கள். இவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டுகிறவர். ஸ்ரீவில்லிபுத்தூர்வரை அந்த லாரியின் பின்னாலேயே, அது கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே போனார்.

அவர் போய் இறங்கியபோது கறுப்பு வண்டி வெள்ளை வண்டியாகியிருந்தது. வெள்ளைகூட இல்லை, மயிர் முளைத்த வண்டி. கையோடு கொண்டுபோயிருந்த துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பஞ்சு திரிதிரியாக உருண்டு இன்னும் அழுத்தமாக ஒட்டியது. அந்தத் துணியும் நூல் நூலாகப் பிரிந்து அதோடு சேர்ந்துகொண்டது. பட்டு வேட்டியோடு வெளியே வந்த மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். சங்கையா பெரிய மனிதர், சிரிப்பை விழுங்கிக்கொண்டு, மாப்பிள்ளை எங்கள் வண்டியிலேயே வரட்டும் சம்பந்தி, நீங்கள் முன்னால் போங்கள் என்றார். ராஜபாளையத்தில் மேளத்தோடு காத்திருந்த பெண் வீட்டார் முன்னால் முதலில் அந்தச் சடைபிடித்த அம்பாசடர் வந்து நின்றது. நாதஸ்வரக்காரருக்கே சீவாளி வாயைவிட்டு நழுவியது. பரிபூரணம் சிரிக்கவில்லை. இந்த அழகுக்காகவா என் அண்ணனை பஸ்சில் வரச் சொன்னாய் என்று மட்டும் மனதுக்குள் கேட்டாள். வாய்விட்டு அவரை ஒருமையில் கேட்டதில்லை. மனதுக்குள் அன்றைக்குக் கேட்டாள்.

மறுநாள் காலை, முகூர்த்த நாள். பந்தலில் ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தவசிமுத்துவும் அவர் சம்சாரம் வேலுத்தாயும் வந்து சேர்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடை. வேலுத்தாயின் தலையில் ஒரு தாம்பாளம், இடுப்பில் ஒரு தாம்பாளம், தவசிமுத்துவின் தோளில் புதுத் துண்டு. வாசலில் அவர்களை வா என்று சொல்ல ஓர் ஆள் நிற்கவில்லை. பரிபூரணம் ஓடிப்போய்த் தாம்பாளத்தை வாங்கினாள். ஊரில் என்ன சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். கார் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன், மச்சானை யாரும் ஒன்றும் குறை சொல்லவில்லை என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார் அந்த மனிதர். மச்சானுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சொல்லும்போதே காது சிவந்தது.

காப்பி எடுத்துவர உள்ளே போனாள். டம்ளரோடு திரும்பி வந்தால் அண்ணனைக் காணோம். தேடிக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போனாள். புதுத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியோடு தவசிமுத்து காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன். பக்கத்தில் ராஜரத்தினம் நின்று, வட்டமாகத் தேய்க்காதீர்கள் மச்சான், நேராக இழுங்கள் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை அவள் தரையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அண்ணன் கையிலிருந்த துணியை வாங்கிக் கீழே போட்டாள். காரின் முன்கதவைத் திறந்து, ஏறுங்கள் அண்ணே என்றாள். அவர் விழித்தார். தோளைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தாள். காலை உதறச் சொல்லவில்லை. கார்க் கதவுச் சத்தம் கேட்டுப் பந்தலிலிருந்து சங்கையாவும் நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். பரிபூரணம் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கண்ணன மம்சாபுரத்துல அவிய வீட்டு வாசல்ல எறக்கி விடுங்க. பொறவு வெத்தலபாக்கு வச்சு, கூப்பிட்டு, ஏத்திக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் என் மக மணவறைக்கு வரமாட்டா."

ராஜரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை. இந்த லட்சணத்தில் வண்டியை எப்படி எடுப்பது என்று முனகினார். நேரம் ஆகிவிடும் என்றார். தவசிமுத்து வேண்டாம் தாயி, வேண்டாம் தாயி என்று உள்ளிருந்தே கும்பிட்டார். பரிபூரணம் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து புருஷனின் கையில் திணித்தாள். சங்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைன்னு இருந்தா செய்யத்தானே வேணும், போய்ட்டு வாங்க சம்பந்தி, நாங்க இருக்கோம் என்றார். சம்பந்தி சொன்ன பிறகு அவரால் என்ன செய்ய முடியும். போனார்.

போய்விட்டுத் திரும்பி வரும்போது முகூர்த்த நேரம் நெருங்கியிருந்தது. பஞ்சின்மேல் மம்சாபுரத்துப் புழுதி அப்பி, வண்டி இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் வந்தது. முன்சீட்டில் தவசிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் யார் பெற்ற பிள்ளைகளோ நாலு பேரை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பரிபூரணம் ஆரத்தி எடுத்தாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். அவர் இறங்கியதும் முதலில் அவள் காதில்தான் சொன்னார். மம்சாபுரத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லையாம். கல்யாண வண்டி என்பதால் டவுனில் பஞ்சு ஒட்டி ஜோடித்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தெருவே சுற்றி நின்று பார்த்ததாம். எங்களுக்கும் இப்படி ஜோடிச்சுத் தருவாகளா என்று ஒருத்தி கேட்டாளாம்.  பரிபூரணம் தட்டைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள், அழவும் செய்தாள்.

மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்து, தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். ஐயர் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். நல்ல நேரம் முடியப் போகிறது என்றார். யாரோ ஷெட்டுப் பக்கம் கை காட்டினார்கள். பந்தலின் ஓரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, காருக்கு முன்னால் குத்தவைத்து, ராஜரத்தினம் முன்பக்கத்துப் புழுதியை மண்ணெண்ணெயால் இழுத்துக்கொண்டிருந்தார். புழுதி காய்ந்தால் பிடித்துக்கொள்ளும் அல்லவா. செத்த நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். தன் மகள் கல்யாணம் தனக்காகக் காத்திருக்கும் என்றும் நினைத்திருப்பார்.

கூட்டிவர ஒருவர் எழுந்தார். பரிபூரணம் கையமர்த்தினாள்.

"அவியளுக்கு வேலை கெடக்கு. அண்ணே, நீங்க வாங்க."

தவசிமுத்து, நான் எப்படி என்று தயங்கினார், ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார், சங்கையாவைப் பார்த்தார். சங்கையா தலையை அசைத்தார். பரிபூரணம் அவரை இழுத்துக்கொண்டுபோய் மணவறையில் நிறுத்தினாள். சண்முகக்கனி நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள், அப்பா எங்கே என்று கேட்கவில்லை, கையை நீட்டினாள். மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகாத அந்தக் கையால் அவர் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் கொட்ட, தாலி ஏறியது.

அந்தச் சத்தத்தில்தான் ராஜரத்தினம் தலையை நிமிர்த்தியிருக்க வேண்டும். கையில் துணியோடு ஓடிவந்தார். பட்டுச் சட்டையின் நெஞ்சில் கறுப்பாக ஒரு தீற்றல். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மணவறைக்கு முன்னால் வந்து நின்று, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்குள்ள தாலி கெட்டியாச்சா?" என்றார்.

பரிபூரணம் அப்போது அட்சதைத் தட்டை ஏந்தி, மணமக்களை வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு முன்னாலும் வந்தாள். மற்ற விருந்தாளிகளுக்குக் கொடுத்ததைப்போல அவர் உள்ளங்கையிலும் ஒரு பிடி போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் போனாள்.